‘எழவில்லை’ என்று நான் எழுதிய பதில்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது உன் போன் வந்தது. தலைமைச் செயலகத்தில் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது மாதத்திலேயே ஒரு சட்டமன்றக் கேள்விக்கான பதிலை நீயே தனியாக எழுதினாய் என்று சொன்னாய். அதைப் படித்த உன் அதிகாரி, ஒரு துணைக்கேள்விக்குக்கூட இடம் வைக்காமல் எழுதியிருக்கிறாயே என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினாராம். "உங்க பொண்ணுல்ல" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சந்தோஷம் என்றுதான் சொன்னேன். போனை வைத்த பிறகு உன் அப்பா குழம்புக்குப் புளி கரைக்கச் சொன்னார். கரைத்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அவர் வந்து பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

இதை உனக்கு மட்டும் தனியாக எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் சொல்லப்போகும் விஷயம் ஊரறிய ஒரு சபையில் வாசிக்கப்பட்டது. அதைப் பற்றிய உண்மையை மட்டும் உன் காதோடு சொல்லி முடித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் பொதுவில் எழுதுகிறேன். ஊரின் பெயரை விட்டுவிட்டேன். மனிதர்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். யார் யார் என்று உனக்குத் தெரியும்.

நான் ஓய்வு பெறும்வரை திண்டுக்கல்லில் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். நிலக்கோட்டைப் பக்கமிருந்து காலையில் பூ மூட்டைகளோடு வரும் அதே பஸ்ஸில்தான் நானும் போவேன். சட்டமன்றம் நடக்கும் நாட்களில் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் லீவு கிடையாது. ஓர் எம்.எல்.ஏ. சென்னையில் ஒரு கேள்வி கொடுப்பார். அது பேரவைச் செயலகத்திலிருந்து துறைக்குப் போகும், துறையிலிருந்து இயக்குநர் அலுவலகத்துக்கு, அங்கிருந்து மாவட்டத்துக்கு. கடைசியில் என் மேசைக்கு வந்து சேரும்போது, ‘மிக அவசரம், இன்றே பதில் தேவை’ என்று மேலே எழுதியிருக்கும். நான் எழுதுவது அதே வழியில் மேலே ஏறிப் போகும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் கையெழுத்துப் போடுவார். முடிவில் அமைச்சர் எழுந்து நின்று அதை வாசிப்பார். டி.வி.யில் பார்க்கிறவர்கள் அமைச்சர் பேசுகிறார் என்று நினைப்பார்கள். எத்தனையோ முறை அவர் வாயில் வந்தவை என் வாக்கியங்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

நீ காலேஜில் கடைசி வருஷம் படிக்கும்போது நம் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுப் பாண்டியம்மாவோடு பூப் பறிக்கப் போன செல்வியைப் பாம்பு கடித்தது. விடிவதற்கு முன்னே நெற்றியில் லைட்டை மாட்டிக்கொண்டு மல்லிகைச் செடிக்குள் கைவிட்டுப் பறிக்கிறவர்கள் அவர்கள். மொட்டு விரிவதற்குள் பறித்தால்தான் விலை. ஆரம்ப சுகாதார நிலையமோ காலை எட்டரைக்குத்தான் திறக்கும். செல்வியை நேராகத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். பத்து நாள் படுத்திருந்து வந்தாள். பாண்டியம்மா அதோடு விடவில்லை. பூப் பறிக்கும் பெண்களிடமெல்லாம் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கினாள். மனுவை எழுதிக் கொடுக்க உன்னிடம் வந்தாள். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் நீ அதை எழுதினாய். ‘நாங்கள் வேலை செய்யும் நேரத்தில் மருந்தும் டாக்டரும் இருக்க வேண்டும்’ என்ற வரியை அவள் சொல்லச் சொல்ல, அப்படியே எழுதினாய். நான் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தேன். எங்கள் துறை சம்பந்தப்பட்டது என்பதால் அதற்கு மேல் தலையிடக்கூடாது என்று ஒதுங்கிக்கொண்டேன்.

நம் தொகுதி எம்.எல்.ஏ. ஒரு துக்க வீட்டுக்கு வந்தபோது பாண்டியம்மா அவருடைய காரை மறித்து மனுவைக் கொடுத்தாள். எதிர்க்கட்சிக்காரர், பால் சொசைட்டியில் செயலாளராக இருந்து வந்தவர். மேடையில் பேசவே சங்கடப்படுவார். வாங்கிய மனுவைக் காரிலேயே போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர் அப்படிச் செய்யவில்லை. அதைக் கேள்வியாக்கிச் சபைக்குக் கொடுத்தார்.

ஒரு மத்தியானம் அந்தக் கேள்வி என் மேசைக்கு வந்தது. நம் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அதில் இரண்டு பகுதி இருந்தது. அ: இந்த ஊர் சுகாதார நிலையத்தில் பாம்புக்கடிக்கான மருந்து இருப்பில் உள்ளதா? ஆ: இல்லையெனில், மருந்தை வைக்கவும், அதிகாலை நேரத்தில் மருத்துவர் பணியில் இருக்கவும் அரசு ஆவன செய்யுமா?

சுகாதார நிலையத்து மருந்தாளுநருக்குப் போன் செய்தேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். குளிர்பெட்டி பழுதாகிப் பல மாதம் ஆகிறது. அதனால் மருந்தைப் பக்கத்து ஒன்றியத்து ஆஸ்பத்திரியில் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பதிவேட்டில் மட்டும் இந்த நிலையத்தின் இருப்பாகவே காட்டி வருகிறார்கள். டாக்டர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறது, ஆனால் அவர் வாரத்தில் பாதி நாள் வேறிடத்தில் மாற்றுப் பணி. விடியற்காலையில் அங்கே யாரும் இருப்பதில்லை. நான் இதையெல்லாம் உள்ளபடி எழுதி, குளிர்பெட்டி வாங்க உத்தரவு வேண்டும் என்றும் சேர்த்து, அதிகாரியிடம் கொண்டுபோனேன்.

அவர் கெட்டவரில்லை பாப்பா. உன் அப்பாவுக்கு மில்லில் அடிபட்டபோது தன் காரைக் கொடுத்து அனுப்பியவர். படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதை இப்டியே அனுப்புனா ஏன் இல்லைன்னு அடுத்த கேள்வி வரும் மேடம். அமைச்சர் செயலாளரைக் கேப்பார், அவர் இயக்குநரைக் கேப்பார், கடைசில உங்களையும் என்னையும்தான் கேப்பாங்க. பதிவேட்டுல என்ன இருக்கு?" என்றார். இருப்பு இருப்பதாகத்தான் இருக்கிறது என்றேன். "அப்ப அதை எழுதுங்க. பொய் எழுதச் சொல்லலையே நான்" என்றார்.

நான் எதிர்த்துப் பேசவில்லை. மிரட்டவும் இல்லை யாரும். ஆனால் அதற்கு முந்தின வருஷம்தான் ஆறு வருஷம் ராமநாதபுரத்தில் தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருந்துவிட்டு ஊருக்கு மாறுதல் வாங்கி வந்திருந்தேன். நீ வயதுக்கு வந்தபோதுகூட நான் உன் பக்கத்தில் இல்லை. மறுபடி எங்கேயாவது தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இருந்தது. பயம் மட்டும் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். சீட்டுக்குத் திரும்பி வந்து கேள்வியை மறுபடி படித்தபோது ‘இல்லையெனில்’ என்ற வார்த்தை கண்ணில் பட்டது. முதல் பகுதிக்கு ‘உள்ளது’ என்று பதில் எழுதிவிட்டால் இரண்டாவது பகுதி தானாக விழுந்துவிடும். டாக்டரைப் பற்றி, அதிகாலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. கணக்குப் போட்டு விடை சரியாக வந்ததைப் போல. அ: இருப்பில் உள்ளது. ஆ: எழவில்லை, அதாவது அந்தக் கேள்விக்கே இடமில்லை. இவ்வளவுதான் என் பதில். அதிகாரி ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. பதிலோடு அமைச்சருக்குக் குறிப்பு ஒன்றும் அனுப்ப வேண்டும். உறுப்பினர் எழுந்து என்னென்ன துணைக்கேள்வி கேட்கக்கூடும், அதற்கு என்ன சொல்லலாம் என்று முன்கூட்டியே எழுதித் தருவது. அந்த வாரம் முழுக்க நீ சாப்பிடும்போதெல்லாம் பாண்டியம்மா சொன்னதை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். போகிற வழியில் பார்த்தால் சுகாதார நிலையக் கதவு பூட்டியிருந்ததாம், நர்ஸம்மாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லையாம், ஆம்புலன்ஸ் ஊருக்குள் வர வழி தெரியாமல் சுற்றியதாம் என்று கோபத்தோடு சொல்வாய். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டேன். மறுநாள் ஆபீஸில் அவை ஒவ்வொன்றையும் துணைக்கேள்வியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில் எழுதினேன். நீ என்னை நம்பிச் சொன்னதை வைத்து உன் மனுவுக்கு எதிராகவே வேலை செய்தேன்.

சபையில் அந்தக் கேள்வி வந்த அன்று எம்.எல்.ஏ.வின் ஆட்கள் அனுப்பிய வீடியோவைப் பாண்டியம்மா வீட்டில் உட்கார்ந்து எல்லோரும் உன் போனில் பார்த்தீர்கள். அமைச்சர் இரண்டு வரியில் பதிலை வாசித்தார். எம்.எல்.ஏ. எழுந்து, பேரவைத் தலைவருக்கு வணக்கம் சொல்லி, கையிலிருந்த தாளைப் பார்த்து, பூட்டியிருந்த கதவைப் பற்றிக் கேட்டார். அமைச்சர் குறிப்பைப் புரட்டி, அருகிலிருக்கும் ஒன்றிய ஆஸ்பத்திரி இருபத்துநாலு மணி நேரமும் இயங்குவதாகவும், உறுப்பினர் அந்தத் தகவலைத் தொகுதி மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னார். சிலர் மேசையைத் தட்டினார்கள். எம்.எல்.ஏ. இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அவர் செத்த நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்ததை நானும் பிறகு பார்த்தேன். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நீ வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலேயே அடுப்படி வாசலில் நின்றாய். "இதை எவன்மா எழுதிக் குடுத்துருப்பான்? அவனுக்கெல்லாம் புள்ளகுட்டி இருக்குமா?" என்றாய். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தெரியலையே பாப்பா, மெட்ராஸ்ல யாராவது எழுதியிருப்பாங்க என்றேன். உன்னிடம் நான் சொன்ன பொய்களில் இது ஒன்றுதான் எனக்குத் தேதியோடு நினைவிருக்கிறது.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில், நீ சென்னையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, பாண்டியம்மாவையே பாம்பு கடித்தது. வலது கையில். கண்ணாடி விரியன் என்றார்கள். அப்போது உன்னிடம் கையில் அடி என்று மட்டும் சொன்னேன். படிப்பு கெட்டுவிடும் என்பது நான் சொல்லிக்கொண்ட காரணம். மூன்றாம் நாள் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கை முழங்கைவரை வீங்கிக் கறுத்திருந்தது. பிறகு இரண்டு விரலை எடுக்க வேண்டி வந்தது. மீதி விரல்களும் மடங்குவதில்லை. பக்கத்தில் நின்ற அவள் புருஷனிடம், கடித்ததும் நேராக இங்கே வந்தீர்களா என்று கேட்டேன். அவர் சொல்வதற்கு முன்னே பாண்டியம்மாவே பதில் சொன்னாள்.

"இல்லக்கா. நம்மூருலயே மருந்து இருக்குன்னு மந்திரி சொன்னாருல்ல. அதான் மொதல்ல அங்க போனோம். பூட்டிக் கெடந்துச்சு. வந்துருவாக, வந்துருவாகன்னு வாசல்லயே உக்காந்துட்டோம்."

செல்விக்குக் கடித்தபோது அவர்கள் யாரையும் நம்பி அங்கே நிற்காமல் நேராகத் திண்டுக்கல் வந்தார்கள். இந்த முறை நம்பினார்கள். ஒன்றரை மணி நேரம் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவள் தலைமாட்டில் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வெளியே வந்தேன். டாக்டரைத் தேடிப் பிடித்து, முன்னாலேயே வந்திருந்தால் விரல் தப்பியிருக்குமா என்று கேட்டேன். கடித்த இடத்தைப் பொறுத்தது, விஷத்தைப் பொறுத்தது, அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

பிறகு என்னால் ஆனதைச் செய்தேன் என்று எழுத ஆசைதான். குளிர்பெட்டிக்காகக் கோப்பு போட்டேன். நிதி வந்ததும் பரிசீலிக்கலாம் என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மறுபடி போட்டேன். மறுபடி வந்தது. அதிகாரி மாறுதலாகிப் போய், புதிதாக வந்தவர் அந்தக் கோப்பையே பார்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனேன். அந்தப் பதிலை எழுதியது நான்தான் என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லி மோர் கொண்டுவரச் சொன்னார். அதே கேள்வியை மாற்றி எழுதி அடுத்த கூட்டத்துக்கும் கொடுத்ததாகவும், அது எடுத்துக்கொள்ளப்படவில்லை என்றும் சொன்னார்.

"நானும் ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா. அந்த ‘இல்லையெனில்’லை எழுதுனது என் உதவியாளர். படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டேன். அது மட்டும் இல்லேன்னா உங்களால அப்டி எழுதியிருக்க முடியாதுல்ல?" என்று கேட்டார்.

வேறு வழி கண்டுபிடித்திருப்போம் சார் என்றேன். அவர் தெருமுனைவரை வந்து என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். அடுத்த தேர்தலில் அவருக்குச் சீட்டு கிடைக்கவில்லை. இப்போது சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வெள்ளையடித்துப் போர்டு மாட்டியிருக்கிறார்கள். எட்டரைக்குத்தான் திறக்கிறார்கள். குளிர்பெட்டி வந்துவிட்டதா என்று கேட்டேன். வரும் என்றார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு உனக்கு என்ன புத்தி சொல்வது என்றுதான் நான்கு நாளாக யோசிக்கிறேன். உள்ளதை உள்ளபடி எழுது என்று சொல்லலாம். நான் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்பி வந்தவள். உன் மேசைக்கு வருவது மாவட்டத்திலிருந்து வந்த தாள் மட்டும்தான், அதை எழுதிய இன்னொரு கண்காணிப்பாளர் யாருக்குப் பயந்து எழுதினாள் என்பது உனக்குத் தெரிய வழியில்லை. வேலையை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீ அந்த வேலைக்காக மூன்று வருஷம் எப்படிப் படித்தாய் என்று பார்த்தவள் நான். நீ எழுதிய பதில் எந்த ஊரைப் பற்றியது என்று போனிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கத் துணிவு வரவில்லை. அந்த ஊரிலும் யாராவது ஒரு பெண் மனு எழுத ஆள் தேடி அலைந்திருப்பாள் என்பதை மட்டும் தெரிந்துகொள்.

நேற்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாண்டியம்மாவைப் பார்க்கப் போனேன். இப்போது அவள் பறிக்கப் போவதில்லை. ரோட்டோரத்துக் கொட்டகையில், வேனில் ஏற்றுவதற்கு முன் பூவைக் கொட்டிக் காம்பும் இலையும் பொறுக்கும் வேலை. இடது கையால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பதிலை எழுதியது, குறிப்பை எழுதியது, உன் வாயிலிருந்து வந்ததை நான் எடுத்துக்கொண்டது, ஒன்றையும் விடவில்லை. அவள் கை ஓர் இடத்திலும் நிற்கவில்லை. நான் முடித்த பிறகும் பொறுக்கிக்கொண்டேயிருந்தாள்.

"புள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது, சொல்லப் போகிறேன் என்றேன்.

"சொல்லாதீக. ஆசையா எழுதிக் குடுத்த புள்ள."

அவள் கேட்டுக்கொண்டதையும் நான் இப்போது மீறிவிட்டேன். பிறகு, முகத்தை என் பக்கம் திருப்பாமலேயே, "அன்னைக்கு நேரா திண்டுக்கல்லு போயிருந்தா விரலு நின்னுருக்குமாக்கா?" என்றாள். டாக்டரிடம் கேட்டேன், அவருக்கும் சொல்லத் தெரியவில்லை என்றேன். நீங்க என்ன நினைக்கிறீக என்று கேட்டாள். அவள் காத்திருந்தாள். உண்மையாகவே என் பதிலுக்காகக் காத்திருந்தாள் பாப்பா. அந்த நேரம் பார்த்து வேன் வந்து ஹாரன் அடித்தது. அவள் எழுந்து மூட்டையின் ஒரு முனையை இடது கையிலும் மறுமுனையை வலது முழங்கை மடிப்பிலும் மாட்டித் தூக்கினாள். நான் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தேன்.

"விடுங்கக்கா, எனக்குப் பழகிருச்சு" என்று சொல்லிவிட்டு, அவளே வேன்வரை தூக்கிக்கொண்டு போனாள்.

அம்மா